இரட்டைக் குழலும் பவளத்தின் கறுவமும்

பவளத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. ஜெர்மனியில், வுப்பர்டால் நகரில் எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் மகள் லக்சிகாவுடன் இருக்கிறாள். கணவர் இறந்து எட்டு வருடமாகிறது. நான் ரகுநாதன், இரண்டாம் மாடி, நகரப் பேருந்து ஓட்டுகிறவன். இந்தக் கதையில் நான் செய்தது மூன்றே மூன்று வேலை: கார் ஓட்டினேன், அவளுக்காக ஜெர்மன் கதைத்தேன், கோபப்பட்டேன். கோபத்தில் நான் யாருக்கும் குறைந்தவன் இல்லை. ஆனால் என் கோபம் பால் பொங்குவதுபோலப் பொங்கி அடங்கிவிடும். அவளுடையது இரண்டு வருடம் அடுப்பிலேயே இருந்தது, ஒரு சொட்டுக்கூட வற்றவில்லை.

பதினாறு வருடம் அவள் ஒரு துப்பாக்கிப் பட்டறையில் வேலை செய்தாள். மலைப்பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் ஷ்டாக்மன் என்ற மாஸ்டரின் பட்டறை அது. வேட்டைக்காரரின் துப்பாக்கிகளும், பரம்பரையாக வீடுகளில் கிடக்கும் பழைய துப்பாக்கிகளும் திருத்தத்துக்கு வரும். பவளம் முதலில் நிலம் கூட்டத்தான் போனாள். துவக்குக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடி வந்தவள் துவக்குப் பட்டறைக்கா வேலைக்குப் போகிறாள் என்று எங்கள் தமிழ்ச் சங்கத்தில் சிலர் நக்கலடித்தார்கள். "அது மான் சுடுற துவக்கு. உங்களைச் சுட எடுத்தால் சொல்லி விடுறன்" என்றாள்.

துப்பாக்கிக் குழலின் கருநீலம் பூசுகிற மை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது துரு. சுத்தமாகத் தேய்த்த இரும்பில் ஒரு கரைசலை மெல்லத் தடவி, ஈரமான அறையில் தொங்கவிட வேண்டும். மெல்லிய சிவப்புத் துரு பூக்கும். பிறகு குழலைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்தால் சிவப்பு கறுப்பாகும். மெல்லிய கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டு மறுபடி தடவ வேண்டும். எட்டு முறை, பத்து முறை இப்படியே. கொதிக்க வைக்காமல் விட்டால் அழகான பழுப்பு நிறம் வரும், அது இன்னொரு வகை. எந்த மணித்தியாலத்தில் துரு போதும் என்று கண்தான் சொல்ல வேண்டும். கூடப் பொறுத்தால் துரு இரும்பைத் தின்றுவிடும், அவசரப்பட்டால் நிறம் பிடிக்காது.

நிலம் கூட்டிக்கொண்டே பார்த்திருந்தவள் ஒருநாள், மாஸ்டர் கொதிதொட்டிக்கு எடுத்த குழலைக் காட்டி, "இன்னும் இல்லை" என்று தெரிந்த இரண்டு ஜெர்மன் சொல்லில் சொன்னாளாம். அவர் சிரித்துவிட்டு ஒருநாள் பொறுத்துப் பார்த்தார். அடுத்த வருடத்திலிருந்து நிலம் கூட்டும் தும்புத்தடி வேறொருத்தியின் கைக்குப் போனது, குழல்கள் எல்லாம் பவளத்தின் கைக்கு வந்தன. வேட்டைக்காரர்கள் அந்த நிறத்துக்கு 'ஷ்டாக்மன் நீலம்' என்று பேர் வைத்தார்கள். அவளுக்கு அதில் ஒரு மனக்குறையும் இருக்கவில்லை. மாஸ்டரின் பேர் ஓங்கினால் தன் வேலை நிலைக்கும் என்று நினைத்தாள். இதை எழுதும்போதே எனக்குப் பல் நறநறக்கிறது.

இரண்டு வருடங்களுக்கு முன், ஒக்டோபரில், லக்சிகா பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்காக அவள் இரண்டு கிழமை, பதினாலு நாள், விடுமுறை எடுத்தாள். கொலோன் நகரில் மண்டபம் பிடித்துப் பெரிதாகவே செய்தோம். அந்த நேரத்தில் பட்டறையில் ஒரு இரட்டைக் குழல் துப்பாக்கி காத்திருந்தது. திருமதி லூட்கன் என்ற விதவையின் குடும்பச் சொத்து, இருநூறு வருடப் பழசு, கல் உரசித் தீப்பொறியில் சுடுகிற வகை. அதைத் துருமுறையில் கறுப்பாக்கும்படி கொடுத்திருந்தாள்.

பட்டறையில் இன்னொரு தொட்டியும் உண்டு. கடுங்கார உப்பைக் கொதிக்க வைத்து இரும்பை முக்கினால் அரை மணித்தியாலத்தில் கறுத்துவிடும். ஒற்றைக் குழலுக்கு நல்லது. இரட்டைக் குழலுக்கு ஆகவே ஆகாது. இரண்டு குழலையும் நடுவிலுள்ள பட்டியோடு பொருத்துவது ஈயப்பற்று, அதைக் காரம் தின்றுவிடும். சில பழைய குழல்களைப் பித்தளையால் பொருத்தியிருப்பார்கள், அவை காரத்தைத் தாங்கும். பொருத்துக்கோட்டை உற்றுப் பார்த்தால் வெள்ளையா மஞ்சளா என்று தெரியும். பவளம் அந்தத் தொட்டியைத் தொட்டதே இல்லை. அதன் சாவி எப்போதும் மாஸ்டரின் இடுப்பில் கிடந்தது.

அவள் இல்லாத கிழமையில் அந்த இரட்டைக் குழல் காரத்தொட்டிக்குள் போனது. அவள் திரும்பி வந்தபோது துப்பாக்கி கறுத்து மினுங்கி வீடு போய்விட்டது. டிசம்பர் நத்தாருக்குப் பிறகு ஒருநாள் திருமதி லூட்கன் அதைப் போர்வையில் சுற்றிக்கொண்டு வந்து மேசையில் போட்டாள். நடுப்பட்டி கழன்று, வாழைத்தோல் போல் தொங்கியது.

மாஸ்டர் ஒரு கணமும் யோசிக்கவில்லை. பவளத்தைக் கை காட்டினார். "இவர் விடுமுறைக்குப் போகும் அவசரத்தில் தொட்டியை மாற்றிவிட்டார். எங்கள் மொழி சரியாக வாசிக்கத் தெரியாது" என்றார்.

அப்போது பவளம் செய்ததை இந்த நாட்டில் எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் செய்யமாட்டார்கள். கிழவி அழும் நிலையில் நிற்கிறாள், முதலாளி முகம் சிவந்து நிற்கிறார். இவள் இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று ஜெர்மனில் சொன்னாள். எங்கள் வீடுகளில் சத்தம் பெருத்தால் யாரோ ஒருவர் அப்படித்தான் சொல்வோம். பிழை யாருடையது என்பது அங்கே கணக்கில்லை. "குறை நினையாதேங்கோ" என்று ஒருவர் தணிந்தால், மற்றவர் "சீச்சீ, நீ என்ன செய்வாய்" என்பார், பிறகு தேத்தண்ணி வரும். பவளம் மாஸ்டரின் "சீச்சீ"க்காகக் காத்து நின்றாள். அவர் பேனாவை எடுத்து, 'ஊழியர் வாடிக்கையாளர் முன்னிலையில் தவறை ஒப்புக்கொண்டார்' என்று எழுதினார். அன்று பின்னேரமே வேலை போனது.

"செய்யாத பிழைக்கு ஏனடி மன்னிப்புக் கேட்டனீ?" என்று நான் அவளுடைய குசினி அடுப்பருகில் நின்று கத்தினேன்.

"மரியாதைக்குச் சொன்னனான் அண்ணை."

"அந்த மரியாதையை அவன் எழுத்திலை வாங்கி வைச்சிருக்கிறான்!"

"என்னை ஏன் பேசுறியள்? எனக்குத் தெரியாதே, அந்த மனிசன் அதைப் பிடிச்சுக்கொண்டு தொங்கும் எண்டு."

பக்கத்து ஊர்களில் இருந்த மூன்று பட்டறைகளுக்கு அவளைக் கூட்டிப் போனேன். மூன்றிலும் கதை முந்திக்கொண்டு போயிருந்தது. மூன்றாவது ஆள் கொஞ்சம் நல்லவன், நேரே சொன்னான்: "லூட்கனின் குழலைக் காரத்தில் போட்டவர் நீங்கள்தானே?" பவளம் ஒரு முதியோர் இல்லத்தில் கோப்பை கழுவப் போனாள். பதினாறு வருடம் பழகிய கண்ணையும் கையையும் வைத்துக்கொண்டு, சூப்புக் கோப்பை கழுவினாள். அழவில்லை. கறுவிக்கொண்டிருந்தாள். "அந்த மனிசன் எல்லாருக்கும் முன்னால தன்ர வாயாலை சொல்லவேணும். அதைக் கேக்காமல் நான் சாகமாட்டன்" என்று கோயிலில் அம்மனிடமும் சொன்னாள், என்னிடமும் சொன்னாள்.

இந்த வருடம் ஆவணியில் உள்ளூர்ப் பத்திரிகையில் ஒரு அறிவித்தல் வந்தது. சுடுவோர் சங்க மண்டபத்தில் நவம்பரில் பழைய துப்பாக்கிக் கண்காட்சி, சிறந்த மெருகுக்குப் பரிசு, நடுவர் மாஸ்டர் ஷ்டாக்மன். துப்பாக்கிகளுக்குப் பேர் இராது, இலக்கம் மட்டும் இருக்கும். நான் எரிச்சலோடு வாசித்துக் காட்டினேன். அவள் கைவேலையை நிறுத்தினாள்.

"ரகு அண்ணை, என்னை அந்தக் கிழவியிட்டை ஒருக்காக் கூட்டிக்கொண்டு போங்கோ."

திருமதி லூட்கன் சங்கிலியைக் கழற்றாமல் கதவை ஒரு சாண் மட்டும் திறந்தாள். பவளத்தைக் கண்டதும் மூடப் போனாள். நான் சப்பாத்தை இடையில் வைத்தேன். அது மரியாதையில்லைதான். காரத்தொட்டியின் சாவி யாரிடம் இருந்தது, அந்தக் கிழமை பவளம் எங்கே இருந்தாள் என்பதை எல்லாம் சொன்னேன்.

"அப்படியானால் இவர் ஏன் மன்னிப்புக் கேட்டார்?" என்றாள்.

எங்கள் வழக்கத்தை விளங்கப்படுத்தினேன். கேட்டுவிட்டு என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "இது சுத்த முட்டாள்தனம்."

"ஓம், அதைத்தான் நானும் சொல்லுறன்" என்றேன்.

சங்கிலி கழன்றது. துப்பாக்கி அங்கேதான் இருந்தது. தூரத்து ஊரில் ஒருவன் பட்டியைப் பற்றவைத்துக் கொடுத்திருந்தான். நிறம்தான் சொறி பிடித்ததுபோல் கிடந்தது. பவளம் குழலை யன்னல் வெளிச்சத்தில் திருப்பி, பட்டியின் ஓரத்தில் பூத்திருந்த வெள்ளை உப்பை நகத்தால் சுரண்டிக் காட்டினாள். "இது அந்தத் தொட்டி உப்பு. இப்பவும் உள்ளுக்கை இருந்து வருது. நான் தடவுறதிலை இது இல்லை." பிறகு தன் சொந்த ஜெர்மனில், "எனக்குத் தாருங்கள். நான் செய்கிறேன்" என்றாள்.

கிழவி துப்பாக்கியை அவளிடம் நீட்டினாள். "கெடுத்தால், ஷ்டாக்மன் சொன்னதுதான் உண்மை என்று இந்த ஊருக்கே சொல்லுவேன்" என்றாள். அவ்வளவு பழைய துப்பாக்கிக்கு அனுமதிப்பத்திரம் தேவையில்லை. இருந்தாலும் அவள் ஒரு கடிதம் எழுதித் தந்தாள். காரின் பின் இருக்கையில் குழலை இருத்தி, பிள்ளைக்குப் போடுவதுபோல் பவளம் அதற்கு இருக்கைப் பட்டி போட்டாள்.

எங்கள் கட்டடத்தில் நிலத்துக்குக் கீழே பொதுச் சலவையறை இருக்கிறது. துரு பூக்க வேண்டிய ஈரம் அங்கே தாராளம். எல்லாருடைய சலவை முறைநாட்களையும் பவளம் கெஞ்சி மாற்றி வாங்கினாள். முதலில் உப்பு முழுதும் போகுமட்டும் நாட்கணக்காகக் குழலை அவித்து அவித்துக் கழுவினாள். பிறகு தேய்த்து, தடவி, தொங்கவிட்டாள். மூன்றாம் சுற்றில் குழல் முழுக்கத் தேமல் விழுந்தது. அங்கங்கே துரு பிடிக்காமல் வழுக்கைத் திட்டுகள்.

நான் கரைசல் பிழையாக்கும் என்றேன். அவள் மேலே அண்ணாந்து பார்த்தாள். மிளகாய் மணம் மேலே வருகிறது என்று அயலவர் முறைப்பட்ட நாளிலிருந்து, தூளுக்கு வறுப்பதும் மீன் பொரிப்பதும் அவள் அந்தச் சலவையறையில்தான். ஐந்து வருட எண்ணெய் கூரையில் படிந்திருந்தது. கொதிதொட்டியின் ஆவி பட்டுப் பனிபோல் இறங்கிக் குழலில் இருந்துவிட்டது. ஒரு விரல்ரேகை எண்ணெயே போதும், நிறம் பிடிக்காது. ஷ்டாக்மன் அவளைத் தொட்டியை மாற்றியவள் என்று பொய் சொன்னார். இங்கே அவளுடைய சொந்த மீன்பொரியல் அந்தப் பொய்யை உண்மையாக்கப் பார்த்தது.

அன்று அவள் முகத்தில் முதல்முறை பயத்தைக் கண்டேன். நாற்பது நாள்கூட இல்லை. இன்னொரு முறை கெட்டால் தேய்க்கத் தேய்க்கக் குழலில் செதுக்கியிருந்த மானும் வேலைப்பாடும் அழிந்துவிடும். கிழவி சொன்னதைச் செய்வாள்.

அடுத்த நாள் அவளும் லக்சிகாவும் நானும் சோடாப்பொடி போட்டுக் கூரை, சுவர், குழாய் எல்லாம் உரஞ்சிக் கழுவினோம். பின்னேரம் பவளம் சுவாமித் தட்டுக்கு முன்னால் நின்று விரதம் பிடித்தாள். குழல் முடியுமட்டும் வீட்டில் எண்ணெய் இல்லை. பொரியல் இல்லை, தாளிதம் இல்லை, தலைக்கும் எண்ணெய் இல்லை. கந்தசஷ்டிக்கே ஆறு நாள்தான் விரதம். இவள் ஐந்து கிழமைக்கு மேல் பிடித்தாள். அவளுடைய சாப்பாட்டை நம்பியிருந்த நானும் சேர்ந்து பிடிக்க வேண்டியதாயிற்று. அவித்த புட்டும் வெள்ளைச் சொதியும் தின்று ஆஸ்பத்திரி நோயாளிபோல் ஆனேன்.

"அம்மா, இது என்ன, மெலியிற டியேட்டா?" என்று லக்சிகா கேட்டாள்.

"டியேட் இல்லைப் பிள்ளை. பழி" என்றாள் பவளம், இடியப்பம் பிழிந்துகொண்டே.

குழல் இந்த முறை ஒத்துவந்தது. வேலைக்குப் போக முதல் ஒருமுறை, வந்து ஒருமுறை இறங்கிப் போய்ப் பார்ப்பாள். ஒன்பது சுற்றில் நிறம் வந்தது. நேரே பார்த்தால் கறுப்பு, சரித்தால் ஆழ்ந்த நீலம். விசையைச் சுற்றியிருக்கும் காப்பு வளையத்தை வேறு மாதிரிச் செய்தாள். அதைக் கொதிக்க வைக்காமல், துருவைப் பழுப்பாகவே நிறுத்தினாள். திருகாணிகளுக்குச் சூடு. கச்சான் கடலை வறுப்பதுபோல் புதுத் தாச்சிச் சட்டியில் மணலைக் காய்ச்சி, அதற்குள் ஆணிகளைப் புதைத்துவிட்டு மூச்சுப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். இரும்பு முதலில் வைக்கோல் நிறமாகும், பிறகு மண்ணிறம், பிறகு ஊதா, அடுத்த நொடி மயில்கழுத்து நீலம். அந்த நொடியில் தூக்கினாள். கல் பிடிக்கும் தாடையின் ஆணியை மட்டும் வைக்கோல் நிறத்திலேயே எடுத்தாள். நாலு நிறமும் ஒரே துப்பாக்கியில் சண்டை பிடிக்காமல் இருந்தன. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். எனக்குத் துப்பாக்கி என்றால் இப்போதும் பிடிக்காது, ஆனாலும் நின்றேன்.

கண்காட்சியில் முப்பத்தொரு துப்பாக்கிகள் இருந்தன. லூட்கனுடையது பதினேழாம் இலக்கம். கிழவி முன்வரிசையில் இருந்தாள், நாங்கள் பின்வரிசையில். எங்கள் திட்டம் சின்னது. அவர் பரிசு கொடுப்பார், கிழவி எழுந்து யார் செய்தது என்று சொல்லுவாள். அவ்வளவுதான்.

ஷ்டாக்மன் தடித்த கண்ணாடியோடு வந்தார். துப்பாக்கிகளைப் பார்த்ததைவிடத் தடவியதுதான் அதிகம். பதினேழில் பெருவிரல் நின்றது. குழல் நீளத்துக்குப் போய், திரும்பி வந்து, மறுபடி போனது. பிறகு ஒலிவாங்கிக்குப் போனார்.

"பதினேழாம் இலக்கத்துக்குப் பரிசு. இதை யார் கொண்டுவந்தார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் எங்கிருந்து வந்தது என்று தெரியும். இப்படி ஒரு நீலம் இந்த வட்டாரத்தில் ஒரேயொரு வீட்டிலிருந்துதான் வெளியே போகும். மன்னிக்க வேண்டும், நண்பர்களே, இது என் பட்டறை வேலை."

மண்டபம் சிரித்துக் கைதட்டியது. பவளத்தின் விரல்கள் என் முழங்கையைத் தேடிப் பிடித்து நசித்தன. நாங்கள் பாயை மட்டும்தான் விரித்தோம். அவர் தலையணையும் கொண்டுவந்து படுத்துக்கொண்டார்.

திருமதி லூட்கன் எழுந்து, ஊன்றுகோலைத் தட்டித் தட்டி முன்னால் போனாள். கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தாள். "'அனுபவமற்ற உதவியாளரின் தவறால், மீளத் திருத்த முடியாதபடி சேதமடைந்தது.' இது நீங்கள் என் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுதியது. கீழே உங்கள் கையெழுத்து. பதினேழு அந்தத் துப்பாக்கிதான், ஷ்டாக்மன். எப்போது திருத்தினீர்கள்?"

அவர் மேசைக்குத் திரும்பினார். இரண்டு கையாலும் துப்பாக்கியைத் தடவி, செதுக்கியிருந்த மானைத் தேடிப் பிடித்தார். முகம் சாம்பலாகியது. "யார் செய்தது?" என்றார்.

பவளம் நடுப்பாதையால் நடந்து போனாள். நானும் பின்னால் போனேன். அவளுடைய ஜெர்மன் சமையலறை ஜெர்மன்தான். அன்று அது போதுமாக இருந்தது.

"அந்தக் கிழமை நான் எங்கே?"

"விடுமுறையில்."

"தொட்டிக்குள் போட்டது யார்?"

ஷ்டாக்மன் ஒலிவாங்கிக்குப் பக்கத்தில்தான் நின்றார். "நான்தான்" என்றார். ஒலிவாங்கி அதைக் கடைசி வரிசைக்கும் கொண்டுபோனது. என்னைக் கேட்டால் அந்த ஒரு சொல்லைப் போத்தலில் அடைத்து வைத்திருப்பேன். அப்படி இனித்தது.

ஆனால் மனிதர் அதோடு நிறுத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். மூன்று வருடமாகக் கண் மங்கிக்கொண்டு வருகிறது என்றார். பொருத்துக்கோடு வெள்ளையா மஞ்சளா என்று தெரியவில்லை, பித்தளை என்று நம்பிவிட்டேன் என்றார். கண் போன மாஸ்டரிடம் யார் துப்பாக்கியைத் தருவார்கள் என்று கேட்டார். முன்வரிசையில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். எனக்கே, வெட்கத்தோடு சொல்கிறேன், மனம் இளகத் தொடங்கியது. அவர் வலது கையை அவள் பக்கம் நீட்டி மன்னிப்புக் கேட்டார். எல்லாருடைய கண்ணும் பவளத்தில்தான். அவள் அந்தக் கையைப் பிடித்தால் மண்டபமே அழுது கைதட்டத் தயாராக இருந்தது.

அவள் என்னைப் பார்த்தாள். "ரகு அண்ணை, நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லுங்கோ. ஒண்டும் குறைக்கக் கூடாது."

"சொல்லு."

"கண் தெரியேல்லை எண்டு எனக்குச் சொல்லியிருந்தால், நான் உங்களுக்குக் கண்ணா இருந்திருப்பன். ஒருத்தருக்கும் மூச்சு விட்டிருக்க மாட்டன். பதினாறு வருசம் என்ர வேலை எல்லாத்துக்கும் உங்கட பேர். உங்கட ஒரு பிழைக்கு மட்டும் என்ர பேர்."

நான் ஒலிவாங்கியைப் பிடித்து, பேருந்தில் தரிப்பிடம் அறிவிக்கும் குரலில், ஒரு சொல்லும் குறைக்காமல் ஜெர்மனில் சொன்னேன். ஷ்டாக்மன் நீட்டிய கையோடு நின்றார். பவளம் திருமதி லூட்கனுக்கு மட்டும் தலையசைத்துவிட்டு, கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.